குதிரைப் பந்தயம் ‘திறமை’ என்றால் பந்தயப் பணம் ஹலாலாகிவிடுமா?



அண்மைக் காலமாகத் தென்காசியிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் இளைஞர் சிலர் ஒரு புதிய ஃபத்வாவைச் சுமந்து திரிகின்றனர். குதிரைப் பந்தயத்தில் பணம் கட்டுவது சூதாட்டம் ஆகாது. அது திறமை சார்ந்த விளையாட்டு என்று உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்துவிட்டது. நபி (ஸல்) அவர்களும் குதிரைகளை ஓடவிட்டுப் பந்தயம் நடத்தியுள்ளார்கள். ஆகவே அது ஹலால். இதுவே அந்த ஃபத்வா. இதை எந்த முஃப்தியும் எழுதித் தரவில்லை. பாதியைச் செய்தித்தாளிலிருந்தும் மீதியை ஹதீஸ் மொழிபெயர்ப்பிலிருந்தும் வெட்டி எடுத்து ஒட்டுப்போட்டுத் தைத்திருக்கின்றனர். அந்தத் தையலைப் பிரித்துக் காட்டவே இதை எழுதுகிறோம்.

தென்காசியில் ஏது குதிரைப் பந்தயம் என்று பெரியவர்கள் கேட்கக்கூடும். உண்மைதான். குற்றாலத்தில் சாரல் உண்டு, அருவி உண்டு, பந்தய மைதானம் இல்லை. தமிழகத்தில் அது கிண்டியிலும் உதகையிலுமே இருந்து வந்தது. ஆனால் பிழைப்புக்காகச் சென்னைக்கும் பெங்களூருக்கும் செல்லும் நம் பிள்ளைகள் அங்கிருந்து கொண்டுவருபவை சம்பளம் மட்டுமல்ல. சென்ற ஆண்டு ஒரு குடும்பத்தின் வழக்கு ஜமாஅத்தின் முன் வந்தது. தந்தை நெடுங்காலம் சவூதியில் உழைத்தவர். மகளின் நிகாஹுக்கென்று சேர்த்த தொகையை மகனின் வங்கிக் கணக்கில் போட்டு வைத்திருந்தார். மகனுக்குக் கிண்டியில் வேலை. முதலில் நண்பர்களுடன் வேடிக்கை பார்க்கப் போனவர், பிறகு நூறு, இருநூறு என்று கட்டத் தொடங்கினார். பின்னர் மைதானத்திற்குப் போகாமலேயே கைப்பேசி வழியாக ஒரு புக்கியிடம் மும்பை, பெங்களூர்ப் பந்தயங்களுக்குக் கட்டினார். நிகாஹ் பேசி முடித்த வாரத்தில்தான் கணக்கில் பணம் இல்லை என்பது தெரிந்தது. பெரியவர்கள் விசாரித்தபோது அந்த இளைஞர் அழவில்லை, மறுக்கவும் இல்லை. மேலே நாம் சொன்ன இரண்டு ஆதாரங்களையும் ஒப்புவித்தார். தந்தை தலையைக் குனிந்துகொண்டிருந்தார். ஆகவே இது ஏட்டு விவாதம் என்று எவரும் எண்ண வேண்டாம்.

அவர் பெருந்தொகையை இழந்த பந்தயத்தின் பெயர் ‘இந்தியன் 1000 கினீஸ்’. மும்பை மகாலட்சுமி மைதானத்தில் டிசம்பர் மாதத்தில் நடைபெறுவது. மூன்று வயதுப் பெட்டைக் குதிரைகள் மட்டுமே ஓடலாம். தூரம் 1600 மீட்டர். தாண்டுவதற்குத் தடைகள் எவையும் இல்லாத சமதள ஓட்டம். பந்தயங்களுக்குத் தர வரிசை உண்டு. இது ‘கிரேடு 1’, அதாவது முதல் தரம். இதே வகையில் உதகையில் ‘நீலகிரி 1000 கினீஸ்’ என்றும், கிண்டியில் ‘தென்னிந்திய 1000 கினீஸ்’ என்றும் பந்தயங்கள் நடந்து வந்தன. எல்லாவற்றுக்கும் தாய், இங்கிலாந்தின் நியூமார்க்கெட்டில் 1814இல் தொடங்கிய ஓட்டம். கினீ என்பது 21 ஷில்லிங் பெறுமான பழைய ஆங்கிலப் பொன் நாணயம். முதற்பரிசாக வைத்த ஆயிரம் கினீயே பந்தயத்தின் பெயராயிற்று. இளம் குதிரைகளின் ஓட்டத்திற்கு ஊரின் பெயரும் கிடைக்கவில்லை, குதிரையின் பெயரும் கிடைக்கவில்லை. பணத்தின் பெயரே கிடைத்தது.

இனி, அவர்கள் காட்டும் ஆதாரங்களுக்கு வருவோம். ஹதீஸ் ஆதாரத்தை நாம் மறைக்கப் போவதில்லை. மறைத்தால் நாளை அதை வேறெங்கோ படித்துவிட்டு, ‘ஆலிம்கள் ஒளித்துவிட்டார்கள்’ என்பார்கள். நபி (ஸல்) அவர்கள் குதிரைப் பந்தயம் நடத்தினார்கள் என்பது புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் உள்ள செய்தி. பயிற்சியளித்து உடலை இறுகச் செய்த குதிரைகளை ஹஃப்யா என்னும் இடத்திலிருந்து ஸனிய்யத்துல் வதா வரையிலும், அவ்வாறு பயிற்சி பெறாதவற்றை அங்கிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரையிலும் ஓடவிட்டார்கள். முதல் தூரம் ஐந்தாறு மைல், இரண்டாவது ஒரு மைல் அளவு என்று அறிவிப்பாளர் ஸுஃப்யான் (ரஹ்) விளக்கியுள்ளார். இப்னு உமர் (ரலி) அவர்களே அதில் குதிரையேறி ஓடியவர். பயிற்சி பெற்றதற்கு ஒரு தூரம், பெறாததற்கு ஒரு தூரம் என்று பிரித்த நீதியை மாணவர்களுக்கு நாம் விரும்பிச் சொல்வதுண்டு.

இதைவிடக் கடினமான ஆதாரம் ஒன்றும் அவர்களிடம் உண்டு. ஸப்ஹா என்னும் குதிரையின்மீது நபியவர்கள் போட்டியிட்டார்கள், அது முந்தியபோது மகிழ்ந்தார்கள் என்று அனஸ் (ரலி) அறிவிக்கும் செய்தி அஹ்மத், தாரிமீ நூல்களில் உள்ளது. அதில் ‘பந்தயப் பொருள் வைத்தல்’ என்று பொருள்படும் சொல்லே வருகிறது. ‘பார்த்தீர்களா!’ என்கின்றனர். பார்த்தோம். அந்தச் சொல்லை நமக்கு முன் ஆயிரம் ஆண்டுகளாக ஃபுகஹாக்களும் பார்த்துவிட்டனர். பார்த்த பின்னர்தான் எந்தப் பந்தயப் பொருள் கூடும், எது கூடாது என்று வகுத்தனர். இளைஞர்களின் கையில் இருப்பது முதல் பக்கம் மட்டும்.

ஒட்டகம், குதிரை, அம்பெய்தல் ஆகிய மூன்றைத் தவிர வேறெதிலும் பந்தயப் பரிசு இல்லை என்ற கருத்தில் அபூதாவூத், திர்மிதீ, நஸாயீ ஆகியோர் பதிந்த ஹதீஸே இந்தப் பாடத்தின் தூண். மூன்றும் அக்காலத்தில் போர்ப் பயிற்சிக்குரியவை. ஆட்சியாளரோ வேறொருவரோ ‘முந்துகிறவருக்கு இதைத் தருகிறேன்’ என்று பரிசு வைத்தால் அது கூடும். ஓடும் இருவரில் ஒருவர் மட்டும், ‘நீ என்னை முந்தினால் தருகிறேன், நான் முந்தினால் நீ ஒன்றும் தர வேண்டாம்’ என்றால் அதுவும் கூடும். இருவருமே பணம் வைத்து, வென்றவர் இரண்டையும் எடுத்துக்கொள்வது என்றால், அது கிமார், சூது. தன் பங்கிற்குப் பணம் வைக்காத, வெல்லும் ஆற்றலுள்ள மூன்றாம் குதிரை ஒன்று உடன் ஓடினால் மட்டும் விலக்கு உண்டு என்பது ஹனஃபி, ஷாஃபிஈ, ஹன்பலி மத்ஹபுகளின் நிலை. அந்த மூன்றாமவருக்கு ‘முஹல்லில்’ என்று பெயர். முஹல்லில் தேவையில்லை என்றவர்களும் உண்டு. குதிரையேற்றம் பற்றித் தனி நூலே எழுதிய இப்னுல் கையிம் (ரஹ்) அவர்களில் ஒருவர். கருத்து வேறுபாட்டை நாம் மறைக்கவில்லை.

ஆனால் இந்த விவாதம் முழுவதிலும் பேசப்படுகிறவர் யார் என்று பாருங்கள். குதிரையேறி ஓடுகிறவர், அல்லது குதிரையை வளர்த்து ஓடவிடுகிறவர். வேலிக்கு வெளியே நின்று, இந்தக் குதிரை வெல்லும் என்று ஒருவரும், இல்லை அந்தக் குதிரைதான் என்று இன்னொருவரும் பணம் கட்டிக்கொள்வதை எந்த மத்ஹபும் கூடும் என்று சொல்லவில்லை. முஹல்லில் வேண்டும் என்ற இமாமும் சொல்லவில்லை, வேண்டாம் என்றவரும் சொல்லவில்லை. குதிரைகளை மூவகையாகப் பிரித்து, சூதுக்கென்று வைக்கப்படும் குதிரையை ஷைத்தானுக்குரியது எனக் கூறும் செய்தி இப்னு மஸ்ஊத் (ரலி) வழியாக முஸ்னத் அஹ்மதில் பதிவாகியுள்ளது. அதே குதிரை, அதே ஓட்டம். அதன்மேல் வைக்கப்படும் பணத்தால் அதன் கணக்கு மாறுகிறது.

இன்றைய பந்தயங்களின் பரிசுத் தொகைகூட முழுமையாக ஐயம் நீங்கியதன்று. ‘ஸ்டேக்ஸ்’ எனப்படும் பந்தயங்களில் குதிரை உரிமையாளர்கள் பெயர் பதியக் கட்டும் கட்டணம் பரிசுத் தொகையில் சேர்க்கப்படுவது வழக்கம். எல்லாரும் கட்டுகிறார்கள், முந்தியவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். இது மேலே சொன்ன இரண்டில் எந்த வகையில் சேரும் என்று ஓதும் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். எனினும் அது குதிரை வைத்திருக்கும் சீமான்களின் கவலை. கடையநல்லூரிலும் செங்கோட்டையிலும் பந்தயக் குதிரை வைத்திருப்பவர் எவரையும் நாம் அறியோம்.

நம் கவலை ‘டோட்’ எனப்படும் பொதுப் பணப்பெட்டி. அது எவ்வாறு இயங்குகிறது என்பதை அறிந்தால் ‘திறமை’ வாதம் எங்கே நிற்கிறது என்பது விளங்கும். ஆயிரம் பேர் ஆளுக்கு நூறு ரூபாய் கட்டினால் ஒரு லட்சம் சேரும். பந்தய நிர்வாகத்தின் பங்கும் வரியும் முதலில் கழிக்கப்படும். மீதி, வென்ற குதிரைமீது கட்டியவர்களுக்குப் பிரிக்கப்படும். எந்தக் குதிரை வென்றாலும் நிர்வாகத்துக்கு நட்டமில்லை. கட்டியவர்கள் எல்லாரையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தால், அவர்கள் போட்டதைவிடக் குறைவாகவே எப்போதும் திரும்பப் பெறுகிறார்கள். இப்போது அந்த ஆயிரம் பேரும் குதிரை அறிவில் பேரறிஞர்கள் என்று வைத்துக்கொள்வோம். தாய்க்குதிரை எது, தந்தைக்குதிரை எது, ஜாக்கி யார், சென்ற ஓட்டத்தின் நேரம் என்ன என்று எல்லாரும் கரைத்துக் குடித்தவர்கள். எல்லாரும் ஒரே குதிரைமீது கட்டுவார்கள். அது வென்றாலும், கட்டிய நூறு குறைந்துதான் திரும்பும். ஒருவருடைய திறமை லாபமாக வேண்டுமானால் அவ்வளவு திறமை இல்லாத இன்னொருவர் நட்டப்பட்டாக வேண்டும். வியாபாரத்தில் விற்றவரும் வாங்கியவரும் பயனடையலாம். இங்கு ஒருவருடைய ஆதாயம் முழுவதும் இன்னொருவர் வீட்டுப் பணம். மைஸிர் என்று குர்ஆன் குறிப்பது இதைத்தான்.

மைஸிர் எவ்வாறு இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறோம். ஏனெனில் நம் பிள்ளைகள் அதைச் சீட்டுக்கட்டு போல எண்ணிக்கொண்டிருக்கின்றனர். ஜாஹிலிய்யா காலத்து அரபியர் ஒட்டகம் ஒன்றை அறுத்துப் பங்கு வைத்து, பத்து அம்புகளைப் பையிலிட்டுக் குலுக்கி எடுப்பர். ஏழு அம்புகளுக்குப் பங்கு உண்டு, மூன்று வெற்று அம்புகள். வெற்று அம்பு வந்தவர்கள் ஒட்டகத்தின் விலையைக் கொடுக்க வேண்டும். வென்றவர் பலர் அந்த இறைச்சியைத் தாம் உண்ணாமல் ஏழைகளுக்கு வழங்கினர், அதில் பெருமையும் கொண்டனர். பஞ்ச காலத்தில் ஏழைகள் வயிறு நிறைந்தது அந்தச் சூதினால்தான். அல்பகரா 219ஆம் வசனம் மதுவிலும் சூதிலும் மக்களுக்குச் சில பயன்கள் உள்ளன என்பதை மறுக்கவில்லை. பாவம் பயனைவிடப் பெரிது என்று அறிவிக்கிறது. பின்னர் அல்மாயிதாவின் 90, 91ஆம் வசனங்கள் அதை முற்றாகத் தடுத்தன. பகைமையும் வெறுப்பும் விளையும், தொழுகையிலிருந்தும் இறைநினைவிலிருந்தும் திருப்பும் என்று காரணமும் சொல்லப்பட்டது. ஏழைகளுக்கு இறைச்சி போய்ச் சேர்ந்த சூதே தடுக்கப்பட்டிருக்க, பந்தய நிர்வாகங்கள் நன்கொடை அளிக்கின்றன என்று வாதிடுவோருக்கு நாம் என்ன சொல்வது! அங்கே ‘அதிர்ஷ்டமா, திறமையா’ என்ற கேள்வி காரணமாகவே கூறப்படவில்லை என்பதையும் கவனியுங்கள்.

நீதிமன்றத் தீர்ப்புக்கு வருவோம். தமிழகத்தில் குதிரைப் பந்தயத்தை ஒழிக்க 1974இல் கலைஞர் மு. கருணாநிதி ஆட்சியில் சட்டம் இயற்றப்பட்டது. 1986இல் எம்.ஜி.ஆர். ஆட்சி, மெட்ராஸ் ரேஸ் கிளப்பையே அரசு எடுத்துக்கொள்ளச் சட்டம் கொண்டுவந்தது. இரு கட்சிகளும் ஒத்துப்போன அரிய செய்திகளில் இதுவும் ஒன்று. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 1996 ஜனவரி 12 அன்று தீர்ப்பு வந்தது. குதிரைப் பந்தயத்தின் வெற்றி பெரும்பாலும் திறமையைச் சார்ந்தது, எனவே அதன்மேல் பந்தயம் கட்டுவது அந்தச் சட்டங்கள் கூறும் சூதாட்டத்தில் அடங்காது என்று நீதிபதிகள் தீர்மானித்தனர். 1986ஆம் ஆண்டுச் சட்டத்தையும் செல்லாது என்றனர். நாட்டின் நீதிமன்றத்தை நாம் மதிக்கிறோம். தண்டனைக்குரிய குற்றம் எது என்று சொல்வது அதன் வேலை. ஹலால் எது என்று அதனிடம் எவரும் கேட்கவில்லை, அதுவும் சொல்லவில்லை. வட்டிக்கும்தான் நாட்டில் உரிமம் உண்டு. வட்டிக் கடைக்காரர் கணக்கில் வல்லவர் என்பதால் வட்டி ஆகுமானதாகிவிடுமா?

சட்டத்தைக் காட்டுகிறவர்கள் சட்டத்தை முழுவதும் படிப்பதில்லை என்பதுதான் வேடிக்கை. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 30ஆம் பிரிவு என்று ஒன்று இன்றும் உள்ளது. பந்தயம் கட்டும் ஒப்பந்தம் செல்லாது, அதில் வென்றதாகச் சொல்லி எவரும் வழக்குத் தொடர முடியாது என்கிறது. அதற்கு ஒரு விலக்கையும் வைத்திருக்கிறது: குதிரைப் பந்தயத்தில் வெல்பவருக்கு வழங்க, 500 ரூபாயோ அதற்கு மேலோ பெறுமான பரிசுக்குப் பலர் பங்களிப்பது குற்றமாகாது. ஓடி வென்றவருக்குப் பரிசு வேறு, பார்த்தவர்களின் பந்தயம் வேறு என்ற பிரிவினையை, ஃபிக்ஹ் நூலைத் தொட்டும் பார்த்திராத ஆங்கிலேயர் எழுதிய சட்டம்கூட ஓரளவு கண்டுகொண்டது. நம் பிள்ளைகளுக்குத்தான் அது தெரியவில்லை.

அரசின் வரி அட்டவணையையும் பாருங்கள். குதிரைப் பந்தயப் பணத்திற்கு 2023 அக்டோபர் முதல் கட்டும் முழுத் தொகையின்மீதும் 28 விழுக்காடு ஜிஎஸ்டி விதித்தனர். 2025 செப்டம்பர் 22 முதல் அது 40 விழுக்காடு. கேசினோவும் லாட்டரியும் இருக்கும் அதே வரிசையில் குதிரைப் பந்தயம் நிற்கிறது. தீர்ப்பில் திறமை, வரிப் பட்டியலில் சூதாட்டத்தின் பக்கத்து இருக்கை! கிண்டி மைதானம் 2024 செப்டம்பரில் சீல் வைக்கப்பட்டதும், உதகை மைதானம் அதற்குச் சில மாதம் முன் கையகப்படுத்தப்பட்டதும் சூது பாவம் என்பதற்காக நடக்கவில்லை. குத்தகை பாக்கி, கிண்டிக்கு ஏறத்தாழ 730 கோடி, உதகைக்கு 822 கோடி என்று அரசு கணக்குக் காட்டியது. வழக்குகள் தனியே நடக்கின்றன. அவற்றில் நாம் தலையிடவில்லை. மைதானம் பூட்டப்பட்டதால் பாவம் பூட்டப்பட்டது என்று நிம்மதி கொள்வோருக்காக மட்டுமே இதைச் சொன்னோம். நாம் மேலே கூறிய இளைஞரின் பெரும் இழப்பு மைதானம் பூட்டப்பட்ட பிறகே நேர்ந்தது.

‘திறமை’ என்ற அந்த ஒற்றைச் சொல் குதிரையோடு நின்றிருந்தால், தென்காசிக்கு இவ்வளவு தீங்கு வந்திருக்காது. ரம்மி திறமை விளையாட்டு என்று 1967இலேயே ஒரு தீர்ப்பு உண்டு. அதையும் குதிரைத் தீர்ப்பையும் கேடயமாகப் பிடித்துக்கொண்டுதான் கைப்பேசிச் சூது நிறுவனங்கள் உயர் நீதிமன்றத்தில் வாதாடின. தமிழக அரசு கொண்டுவந்த தடை 2021இல் நீக்கப்பட்டது. மறுபடி 2022இல் சட்டம் வந்தபோது, 2023இல் ரம்மிக்கும் போக்கருக்கும் விலக்குக் கிடைத்தது. கிண்டியில் குதிரைக்குத் திறந்த கதவு வழியாக நம் தெருவில் பீடி சுற்றும் வீட்டுப் பையனின் கைக்குள் ரம்மி வந்து சேர்ந்தது. கடைசியில் 2025 ஆகஸ்டில் மத்திய அரசு, இணையத்தில் பணம் வைத்து ஆடும் ஆட்டம் திறமையானாலும் அதிர்ஷ்டமானாலும் இரண்டும் கலந்ததானாலும் தடை என்று சட்டம் இயற்றிவிட்டது. திறமையா, அதிர்ஷ்டமா என்று அரை நூற்றாண்டுக்கு மேல் வழக்காடிய பிறகு, அந்தக் கேள்வியையே ஒதுக்கிவைக்க வேண்டியதாயிற்று. நம் வீடுகளில் ஓதப்படும் வேதம் அந்தக் கேள்வியைத் தொடக்கத்திலேயே எழுப்பவில்லை.

இன்னொரு வாதம்: ‘துபாயிலும் சவூதியிலும் நடக்கிறதே!’ நடக்கிறது. துபாய் உலகக் கோப்பை 1996 முதல் நடக்கிறது. ரியாத்தில் சவூதிக் கோப்பை 2020 முதல். துபாய் மெய்தான் மைதானத்தில் இதே பெயரில், இதே மூன்று வயதுப் பெட்டைக் குதிரைகளுக்கென்றே ‘யுஏஇ 1000 கினீஸ்’ என்ற பந்தயமும் உண்டு. அங்கே வேலை பார்க்கும் நம் சகோதரர்களைக் கேட்டுப் பாருங்கள்: அந்த மைதானத்தில் பந்தயப் பணம் கட்டும் சன்னல் எங்கே என்று. இராது. பரிசை ஆட்சியாளர்களும் ஆதரவாளர்களும் தருகின்றனர். அதே ஓட்டத்தின்மீது வெளிநாட்டு நிறுவனங்கள் சூது நடத்துவது வேறு அசிங்கம். அதையும், அந்தப் பரிசுகளின் ஆடம்பரத்தையும் நாம் நியாயப்படுத்தவில்லை. ஆனால் உங்கள் ஆதாரம் உங்களுக்கே எதிராக நிற்கிறது என்பதை மட்டும் பாருங்கள்.

இராவுத்தர் சமூகத்தின் பெயரே குதிரையிலிருந்து வந்தது, குதிரை நம் இரத்தத்தில் ஊறியது என்று பெருமை பேசுவோரும் உண்டு. பெருமைக்குக் காரணம் உண்டு; மறுக்கவில்லை. இராவுத்தர் என்றால் குதிரை வீரர். பாண்டியர் காலத்தில் அரபு, பாரசீகக் கரைகளிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகள் காயல் துறையில் வந்து இறங்கின. மார்க்கோ போலோ அதை எழுதியிருக்கிறார். இந்த மண்ணில் குதிரையைப் பேணத் தெரியாமல் அவை விரைவில் இறந்துபோயின என்றும் எழுதியிருக்கிறார். குற்றாலத்து நீர் சிற்றாறாகி, தாமிரபரணியில் கலந்து, அந்தக் காயல் பக்கம்தான் கடலைச் சேர்கிறது. அந்த வணிகம் நம் முன்னோருடையது. அவர்கள் குதிரையைக் கொடுத்துப் பொன்னை வாங்கினர். பொன் கொடுத்தவர் குதிரையை ஓட்டிச் சென்றார். இன்று புக்கிக்குப் பணம் அனுப்பும் இராவுத்தர் வீட்டுப் பிள்ளைக்கு அந்தக் குதிரையின் வால் மயிரேனும் கிடைக்கிறதா? அது என்ன நிறம் என்றுகூடப் பலருக்குத் தெரியாது. கைப்பேசியில் ஓர் எண்தான் தெரியும்.

அந்தப் பெட்டைக் குதிரைகளைப் பற்றியும் ஒரு சொல். குதிரை இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள் வாழக்கூடிய பிராணி. மூன்று வயதில் அதன் எலும்புகள் முழுமையாக முற்றியிருக்காது. பிறந்த மாதம் எதுவாயினும் ஜனவரி 1 அன்று எல்லாக் குதிரைகளுக்கும் ஒரு வயது கூட்டிவிடுவது அந்தத் தொழிலின் கணக்கு. வென்றவை இனப்பெருக்கப் பண்ணைக்குப் போகும். முதல் தர ஓட்டத்தில் முந்திய பெட்டைக்கு அங்கே விலை அதிகம். பந்தயத்தின் தரம் குட்டியின் விலையாகிறது. தோற்றவற்றுக்கு அத்தகைய இடம் உறுதியில்லை. நபி (ஸல்) அவர்கள் பட்டினி போட்டு வேலை வாங்கப்பட்ட ஒட்டகத்தின் உரிமையாளரை அழைத்து எச்சரித்தது நமக்குத் தெரியும். அவர்களுடைய ‘அள்பா’ என்னும் ஒட்டகத்தை ஒரு நாட்டுப்புற அரபியின் இளம் ஒட்டகம் முந்தியபோது தோழர்களுக்கு மனம் வருந்திற்று. இவ்வுலகில் உயர்ந்த எதையும் அல்லாஹ் தாழ்த்தாமல் விடுவதில்லை என்று அவர்கள் ஆறுதல் கூறியதைப் புகாரீ பதிந்துள்ளார். அங்கே தோல்வியினால் மனம் மட்டுமே வருந்தியது. எவருடைய மகளின் நிகாஹும் நிற்கவில்லை.

குதிரை லாயங்களில் வேலை செய்யும் ஏழைகளின்மீது நமக்குக் குறையில்லை. அவர்களை ‘சைஸ்’ என்பார்கள். அது அரபுச் சொல்லிலிருந்து வந்தது என்பது பலருக்குத் தெரியாது. குதிரையைக் குளிப்பாட்டித் தீனி வைத்துப் பெறும் கூலி உழைப்பின் கூலி. சூதுச் சன்னலில் உட்கார்ந்து பணம் எண்ணுவது அவ்வாறன்று.

பெற்றோர்களே, நம் ஊரின் ஓட்டைகளையும் நாம் அறிய வேண்டும். தமிழகத்தில் 2003இல் லாட்டரி தடை செய்யப்பட்டது; ஆனால் புளியரை தாண்டி ஆரியங்காவில் இறங்கினால் கேரள அரசு லாட்டரி கடைக்குக் கடை தொங்குகிறது. மாட்டு வண்டிப் பந்தயத்தில் ஓட்டுபவருக்குக் கொடையாளர் தரும் பரிசு ஒரு புறம் இருக்க, சாலையோரம் நின்று ‘பெரிய மாடா, சின்ன மாடா’ என்று தமக்குள் பணம் கட்டுவோர் இன்னொரு புறம். சாரல் காலத்தில் குற்றால விடுதி அறைகளில் குளித்துவிட்டு வந்து நண்பர்கள் விரிக்கும் சீட்டுக்கட்டு வேறு. ‘சும்மா பத்து ரூபாய்தான்’ என்று தொடங்குகிறவனைப் பத்து ரூபாயிலேயே கேளுங்கள். லட்சத்தில் கேட்பதற்கு ஜமாஅத் வரவேண்டியிருக்கிறது.

இறுதியாக, கேட்கப்பட்ட மஸ்அலாக்களுக்கு விடை. பந்தயத்தில் வென்ற பணம் கையில் இருந்தால் அதை உரியவரிடம் திருப்ப வேண்டும். உரியவர் யாரென்று அறிய வழியில்லை என்றால் நன்மையை எதிர்பாராமல் ஏழைகளுக்குக் கொடுத்துக் கைகழுவ வேண்டும். அதைப் பள்ளிவாசல் உண்டியலில் போட்டுப் புனிதமாக்க முயல வேண்டாம். தோற்றதற்காகப் புக்கி கேட்கும் பாக்கி மார்க்கத்தில் கடனே அன்று. மேலே கூறிய 30ஆம் பிரிவின்படி நாட்டுச் சட்டத்திலும் அதை வழக்குப் போட்டு வாங்க முடியாது. மிரட்டினால் காவல் நிலையத்திற்குச் செல்லுங்கள். மானத்திற்கு அஞ்சி மறுபடி நகையை விற்காதீர்கள். ஆனால் சூதுக்கென்று தெரியாமல் மைத்துனர் கொடுத்த கைமாற்றும், சகோதரியிடம் வாங்கி அடகு வைத்த சங்கிலியும் உண்மையான கடன்கள். அவற்றை அடைத்தே தீர வேண்டும். அவ்வாறு கடன்பட்டவர் உண்மையாகத் தவ்பாச் செய்து திருந்தியவரானால், கடனாளிகளின் பங்கிலிருந்து ஸகாத் கொடுக்கலாம் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்து. அதற்கு ஜமாஅத்தில் மனு கொடுப்பவர் கடன் எதனால் வந்தது என்பதை மறைக்காமல் எழுத வேண்டும். எழுதியதைப் பொறுப்பாளர் ஒருவர் படித்தால் போதும். டீக்கடை வரை அது போகலாகாது.

வஸ்ஸலாம்.